வைகறையில் மலரும் அமைதி

(திருவிழாவை ஒட்டி ஆலய மண்டபத்தில் ஆற்றப்பெற்ற சமயச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



திருவிழா என்றாலே ஒலிதான். நாதசுவரமும் தவிலும் ஒருபுறம், உறுமி மேளம் ஒருபுறம், ஒலிபெருக்கியில் அறிவிப்பு ஒருபுறம், குழந்தைகளின் ஆரவாரம் ஒருபுறம். ஊர் கூடித் தேர் இழுக்கும்போது இவ்வொலி இல்லாவிடில் விழா நிறைவு பெறாது. ஆயினும், இந்தக் கூட்டத்திலேயே சிலர் தூண் ஓரமாக நின்று கும்பிட்டுவிட்டு, பிரசாதம் வாங்கிக்கொண்டு, எவரிடமும் அதிகம் பேசாமல் வீடு திரும்பிவிடுவர். அவர்களுக்கு இறைவனிடத்தில் அன்பு குறைவு அன்று. கூட்டத்தில் நெடுநேரம் நின்றால் அவர்கள் மனம் களைத்துவிடுகிறது. அத்தகைய அமைதியான இயல்பினரைப் பற்றியும், அவர்களுக்கு இறைவன் அளித்த தனிக்கொடையாகிய வைகறைப் பொழுதைப் பற்றியும் சிந்திப்பதே இவ்வுரையின் நோக்கமாகும்.

அமைதியான பிள்ளைக்குச் சமுதாயம் சூட்டும் பட்டங்கள் பல. "வாயில்லாப் பூச்சி" என்பார் ஒருவர். "தலைக்கனம் பிடித்தவன்" என்பார் இன்னொருவர். "நாலு பேரிடம் பழகத் தெரியாத பிள்ளை எப்படிப் பிழைக்கும்?" என்று தாய் கவலைப்படுவார். உறவினர் வந்த வேளையில் அறையைவிட்டு வெளியே வராத மகளைத் தந்தை கடிந்துகொள்வார். இவையெல்லாம் அன்பினால் எழுந்த சொற்களே. எனினும், இவற்றைக் கேட்டு வளரும் பிள்ளை தன் இயல்பையே ஒரு குறையென எண்ணத் தொடங்கிவிடுகிறது. அதுவே வருந்தத்தக்கது.

சுவிட்சர்லாந்து நாட்டு மனவியல் அறிஞர் கார்ல் யுங், 1921ஆம் ஆண்டு வெளியிட்ட நூல் ஒன்றில் மனித இயல்பை இருவகையாகப் பிரித்துக் காட்டினார். புறவுலகை நோக்கி ஓடும் மனம் ஒன்று. தன் அகத்தை நோக்கித் திரும்பும் மனம் மற்றொன்று. பின்னதை உள்முக இயல்பு எனலாம். இரண்டும் எல்லாரிடத்தும் உண்டு; எது மேலோங்கி நிற்கிறது என்பதே வேறுபாடு. புறமுக இயல்பினர் நாலு பேரோடு உரையாடினால் புத்துணர்வு பெறுவர். உள்முக இயல்பினரோ நாலு பேரோடு உரையாடிய பின்னர்ச் சிறிது நேரம் தனித்திருந்தால்தான் புத்துணர்வு பெறுவர். இதனைக் கூச்சத்தோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளுதல் கூடாது. கூச்சம் அச்சத்தின்பாற்பட்டது, உள்முகம் இயல்பின்பாற்பட்டது. மேடையில் துணிந்து பேசக்கூடியவரும் உள்முக இயல்பினராக இருக்கலாம்.

சைவ சமயம் இவ்வியல்பை ஒருபோதும் தாழ்த்தியதில்லை. சிவாலயத்தை வலம் வரும்போது கருவறையின் தென்புறச் சுவரில் கல்லால மரத்தின்கீழ் அமர்ந்திருக்கும் தட்சிணாமூர்த்தியை அனைவரும் அறிவர். வியாழக்கிழமைதோறும் கொண்டைக்கடலை மாலை சார்த்தி வழிபடுவோரும் பலர். அவர் சனகர், சனந்தனர், சனாதனர், சனற்குமாரர் ஆகிய நால்வருக்கும் ஞானத்தை உணர்த்தியது எவ்வாறு? வாய் திறந்து ஒரு சொல்லும் சொல்லவில்லை. சின்முத்திரை காட்டி மௌனமாக வீற்றிருந்தார். சீடர்களின் ஐயம் நீங்கியது. குருவுக்கெல்லாம் குருவாகப் போற்றப்படுபவர் பேசாத குருவாக இருக்கிறார் என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது. வாயில்லாப் பிள்ளை என்று ஏசப்படும் குழந்தையைத் தட்சிணாமூர்த்தியின் சன்னிதியில் நிறுத்தி இவ்வரலாற்றைச் சொன்னால், அக்குழந்தையின் முகம் மலரும்.

இனி, வைகறைக்கு வருவோம். பண்டைத் தமிழர் ஒரு நாளை ஆறு சிறுபொழுதுகளாகப் பகுத்தனர். அவற்றுள் இரவு முடிந்து விடியல் வருவதற்கு முற்பட்ட பொழுதே வைகறை. ஆலயத்திலும் நாளின் வழிபாடு உஷத்காலத்தில் தொடங்குகிறது. அந்நேரத்தில் கூட்டம் இராது; அறிவிப்பு இராது. விளக்கொளியும் மணியோசையும் குருக்களின் மந்திர ஒலியும் மட்டுமே இருக்கும். மாலைப் பூசையில் பத்துப் பேருக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்க்கும் அன்பர், காலைப் பூசையில் இறைவனை நேருக்கு நேர் காண்கிறார்.

இந்நாட்டுத் தமிழருக்கு வைகறை புதியதன்று. தோட்டப்புறங்களில் வாழ்ந்த முன்னோர் கோழி கூவுமுன் எழுந்தவர்கள். இருள் பிரியுமுன் பிரட்டுக்களத்தில் நின்று பெயர் கொடுத்துவிட்டு, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, உளியும் வாளியுமாகத் தத்தம் நிரைக்குச் சென்றனர். பால்மரம் ஏன் விடியலில் வெட்டப்படுகிறது என்பதற்குக் காரணம் உண்டு. இரவில் மரத்தினுள் நீரழுத்தம் மிகுந்திருக்கும். ஆதலால் பட்டையைச் சீவியவுடன் பால் தடையின்றி வழிந்து மங்கில் சேரும். வெயில் ஏறி இலைகள் நீரை ஆவியாக வெளியிடத் தொடங்கியதும் அவ்வழுத்தம் குறையும், பாலோட்டமும் தளரும். பட்டையையும் மெல்லியதாகவே சீவ வேண்டும். உளி ஆழமாகப் பாய்ந்துவிட்டால் மரம் காயப்பட்டுப் பிற்காலத்துக்கு உதவாமற் போகும்.

உள்முக இயல்பினரின் மனமும் இப்பால்மரம் போன்றதே. இரவு உறக்கத்தில் நிறைந்த ஆற்றல் வைகறையில் தானே சுரந்து வழியும். பகலின் பேச்சும் அழைப்பும் கூட்டமும் ஏற ஏற அச்சுரப்புக் குறைந்துபோகும். ஆகவே சிந்தித்துச் செய்ய வேண்டிய பணியை அவர்கள் வெயில் ஏறுமுன் செய்துகொள்வது அறிவுடைமை. அப்படிச் செய்யும்போதும் மனத்தை வருத்தாமல், மெல்லிய சீவலாகச் செய்வதே முறை.

"பிரம்ம முகூர்த்தத்தில் எழ வேண்டும் என்றால் நாலு மணிக்கே எழ வேண்டுமே, வேலைக்குச் செல்வோரால் இயலுமா?" என்று கேட்போர் உண்டு. இக்கேள்விக்குக் கணக்கே விடை கூறும். ஒரு முகூர்த்தம் என்பது 2 நாழிகை. அதாவது 48 நிமிடம். சூரிய உதயத்துக்கு 96 நிமிடங்களுக்கு முன்னர்த் தொடங்கி, 48 நிமிடம் நீடிப்பதே பிரம்ம முகூர்த்தம். தமிழ்நாட்டில் ஆறு மணியையொட்டி விடிவதால் அங்கே அது நாலு, நாலரை மணிக்குத் தொடங்குகிறது. மலேசியத் தீபகற்பத்திலோ 1982 சனவரி முதல் நாள் கடிகாரம் அரைமணி முன்னே நகர்த்தப்பட்டது. கோலாலம்பூரில் இன்று ஏறத்தாழ 7 மணிக்கும் 7.30 மணிக்கும் இடையில்தான் சூரியன் உதிக்கிறான். எனவே இங்கே பிரம்ம முகூர்த்தம் 5.25 அல்லது 5.50 மணியளவில் தொடங்குகிறது. தமிழ்நாட்டுப் பஞ்சாங்க நேரத்தை அப்படியே பின்பற்றித் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. 5.15க்கு எழுந்தாலே போதுமானது.

அவ்வாறு எழுபவரின் காலைப்பொழுது எவ்வாறு அமையலாம்?

முதலாவதாக, காலை என்பது முந்தைய இரவிலேயே தொடங்குகிறது. முழு வளர்ச்சி பெற்ற ஒருவருக்கு 7 மணி நேர உறக்கமேனும் வேண்டும் என்பது மருத்துவர்களின் அறிவுரை. 5.15க்கு எழ விரும்புவோர் 10 மணிக்குப் படுக்கைக்குச் செல்லுதல் நன்று. மறுநாள் உடுக்கும் உடை, பிள்ளைகளின் புத்தகப்பை, பூசைக்குரிய திரி ஆகியவற்றை இரவிலேயே எடுத்துவைத்துவிட்டால், காலையில் தேடி அலையும் பரபரப்பு இராது. திறன்பேசியைப் படுக்கையறைக்கு வெளியே வைத்துவிட்டு, எழுப்புவதற்குச் சிறிய கடிகாரம் ஒன்றை வைத்துக்கொள்வது நலம்.

இரண்டாவதாக, எழுந்த முதல் ஒரு மணி நேரத்துக்குப் புலனத்தைத் திறக்காதிருத்தல். காலை வணக்கப் படங்கள் அறுபது வந்து குவிந்திருக்கும். அவற்றுள் பிள்ளையார் படமும் முருகன் படமும் இருக்கலாம். இருந்தாலும் அது வழிபாடாகாது. திரையைத் திறந்தவுடனே அறுபது பேர் வீட்டுக்குள் நுழைந்து பேசத் தொடங்கியது போலாகும். கூட்டத்தால் களைக்கும் மனத்துக்கு இதைவிடக் கேடு வேறில்லை.

மூன்றாவதாக, நீராடித் திருநீறு அணிந்து, விளக்கேற்றி, அரை நாழிகை, அதாவது 12 நிமிடம், இறைவன் திருமுன் அமர்தல். அறிந்த பதிகம் ஒன்றை மெல்லிய குரலில் ஓதலாம். ஐந்தெழுத்தை அல்லது ஆறெழுத்தை மனத்துக்குள் எண்ணலாம். எதுவும் சொல்லாமல் சுடரை நோக்கியும் இருக்கலாம். மனம் அலைந்தால் சினம் கொள்ளாது திரும்ப அழைத்துக்கொள்ள வேண்டும். தனித்திருக்க விரும்பும் மனத்துக்கு இது இயல்பாகவே கைவரும்.

நான்காவதாக, ஒரு குறிப்பேட்டில் கையால் சில வரிகள் எழுதுதல். அன்று செய்ய வேண்டிய பணிகளுள் முதன்மையானது எது, எவரோடு பேச வேண்டியுள்ளது, அவரிடம் சொல்ல வேண்டியது என்ன என்று எழுதிவைத்துக்கொண்டால், கூட்டத்தில் சொல் தடுமாறாது. அமைதியானவர்கள் பலர் கூட்டம் முடிந்து வீடு திரும்பிய பின்னரே "இதைச் சொல்லியிருக்கலாமே" என்று வருந்துவர். காலையில் எழுதிய மூன்று வரிகள் அவ்வருத்தத்தைப் பெரிதும் போக்கும்.

ஐந்தாவதாக, ஒரு நாழிகை, அதாவது 24 நிமிடம், ஒரே ஒரு பணி. மாணவராயின் கடினமான பாடம். அலுவலராயின் கருத்தூன்றி எழுத வேண்டிய அறிக்கை. இல்லத்தரசியாயின் நெடுநாளாகப் படிக்க எண்ணிய நூல். நாள்தோறும் ஒரு நாழிகை என்றால் ஆண்டுக்கு 365 நாழிகை. அதாவது 146 மணி நேரம். திருவாசகத்தைப் பொருளுணர்ந்து படித்து முடிக்க இது தாராளம்.

இவையெல்லாம் 6.30 மணிக்குள் நிறைவு பெற்றுவிடும். அதன்பின் வீடு விழிக்கும். பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பும் பரபரப்புத் தொடங்கும். அப்பரபரப்புக்குள் நுழைபவர் வெறுங்கையோடு நுழையவில்லை. நிறைந்த மனத்தோடு நுழைகிறார். இரவு வேலை பார்ப்போரும், கைக்குழந்தை உள்ள தாய்மாரும் இந்நேரத்தைக் கடைப்பிடிக்க இயலாது. உள்முக இயல்பினர் அனைவரும் வைகறையில் எளிதாக எழுபவர் என்பதும் இல்லை. அத்தகையோர் தமக்கு வாய்த்த வேறோர் அமைதியான நேரத்தை இவ்வாறு அமைத்துக்கொள்ளலாம்.

இவ்வொழுங்கின் முழுப் பொருளையும் உணர்த்தும் ஒரு வாழ்க்கையைக் காணலாம். பகவான் ரமண மகரிஷி 1896ஆம் ஆண்டு, தம் 16ஆம் வயதில், வீட்டைத் துறந்து திருவண்ணாமலை வந்து சேர்ந்தார். ஞானியை மனவியல் வகைக்குள் அடைப்பது முறையன்று. எனினும் அவர் தம் காலைப்பொழுதை அமைத்துக்கொண்ட விதம் அனைவருக்கும் பாடமாகத்தக்கது. தொடக்கத்தில் அவர் பேசாதிருந்தார். 1902ஆம் ஆண்டு வருவாய்த்துறை அலுவலரான சிவப்பிரகாசம் பிள்ளை, மலைக்குகையில் அவரைக் கண்டு, "நான் யார்?" என்பது முதலாகப் பல வினாக்கள் விடுத்தபோது, விடைகளை எழுதியே காட்டினார். அவ்விடைகளே பிற்காலத்தில், 1923இல், 'நான் யார்?' என்னும் நூலாக வெளிவந்தன. பேசாதவர் எழுதிய விடைகள் இன்று உலகெங்கும் படிக்கப்படுகின்றன.

ஆசிரமம் வளர்ந்து அன்பர் கூட்டம் பெருகிய காலத்தில் அவர் என்ன செய்தார்? பல்லாண்டுகள், விடியுமுன் எழுந்து ஆசிரமச் சமையற்கட்டுக்குச் சென்று, அன்றைய உணவுக்கான காய்கறிகளை நறுக்கினார். துணைக்கு இருந்த ஓரிருவரோடு தேவையான சொற்கள் மட்டுமே பேசுவார். காய்கறியில் எதையும் வீணாக்க விடார். தோலும் தண்டும் மாட்டுக்குச் சென்றன. பொழுது விடிந்ததும் மண்டபத்துக்கு வந்து அமர்வார். துன்பப்பட்டவர், ஐயமுற்றவர், வெளிநாட்டவர், குழந்தைகள் என எவரும் அங்கே அவரைக் காணலாம். வைகறையில் தனிமை, பகலில் அனைவர்க்கும் தரிசனம். முன்னது பின்னதற்கு அடித்தளமாக நின்றது.

உள்முக இயல்பைப் பற்றி எழுதிய அறிஞர் யுங், 1937ஆம் ஆண்டு இறுதியில் இந்தியா வந்து, 1938 தொடக்கத்திலும் சுற்றுப்பயணம் செய்தார். எனினும் திருவண்ணாமலைக்குச் செல்லாமலே திரும்பினார். ரமணரைப் பற்றி ஹைன்ரிக் சிம்மர் எழுதி 1944இல் வெளியான நூலுக்கு வழங்கிய முன்னுரையில் இதனை அவரே குறிப்பிட்டிருக்கிறார். அருகில் இருந்தும் காணாமற் போவது அறிஞர்க்கும் நேரும் என்பதற்கு இது சான்று. ஒவ்வொரு வீட்டிலும் ஆலயத்திலும் அமைதியாக ஒதுங்கி நிற்பவரைக் காணாமல் கடந்துசெல்வதும் அத்தகையதே.

எந்த ஆலயத்திலும் காணக்கூடிய ஒரு நிகழ்ச்சியை எண்ணிப் பார்க்கலாம். தாயின் வற்புறுத்தலுக்காகத் தொண்டூழியம் செய்ய ஓர் இளைஞர் வருகிறார். சுறுசுறுப்பான இளைஞர் என்று கருதி, செயலாளர் அவரிடம் ஒலிவாங்கியைக் கொடுத்து, காணிக்கை மேசையில் கூவி அழைக்கச் சொல்கிறார். இளைஞர் ஒருநாள் செய்கிறார், மறுநாள் வரவில்லை. "இக்காலத்துப் பிள்ளைகளுக்குப் பக்தி இல்லை" என்று பேச்சு எழுகிறது. அன்னதானச் சமையலைக் கவனிக்கும் மூத்த அம்மையார் ஒருவர் மட்டும் அவர் வீட்டுக்குச் சென்று, "தம்பி, நாளை விடியற்காலை அஞ்சரை மணிக்குக் காய் நறுக்க ஆள் இல்லை. வருவாயா? பேச வேண்டியதில்லை" என்கிறார். இளைஞர் வருகிறார். கத்தரிக்காயும் பூசணியும் பயற்றங்காயும் மலைபோல் குவிந்து கிடக்கின்றன. ஐந்தாறு பேர் சுற்றி அமர்ந்து, கத்தி பலகையில் படும் ஓசையன்றி வேறோசை இல்லாமல் நறுக்குகின்றனர். உள்ளே உஷத்காலப் பூசையின் மணி ஒலிக்கிறது. அடுத்த திருவிழாவுக்கு எவரும் அழைக்காமலே அவர் வந்து அமர்கிறார். நண்பகலில் ஆயிரம் பேர் உண்டு மகிழும்போது, அவ்வுணவில் அவருடைய வைகறையும் கலந்திருக்கிறது.

ஆகவே நிர்வாகத்தினர் சிந்திக்க வேண்டியது ஒன்று உண்டு. தொண்டு என்றாலே மேடையும் ஒலிபெருக்கியும் என்று எண்ணாமல், பூத்தொடுத்தல், விளக்குத் துலக்குதல், கணக்கு எழுதுதல், நூலகம் பேணுதல், காய் நறுக்குதல் போன்ற அமைதியான தொண்டுகளையும் பெயர் சொல்லி அழைத்துக் கொடுக்க வேண்டும். காலைப் பூசை முடிந்தபின் அரைமணி நேரமேனும் ஒலிபெருக்கியை நிறுத்திவைத்தால், மண்டபத்தின் ஒரு மூலையில் அமர்ந்து செபிப்போர்க்கு அது பேருதவியாகும். பெற்றோர் சிந்திக்க வேண்டியதும் ஒன்று உண்டு. வைகறையில் தனித்திருந்து படிக்கும் பிள்ளையை இடையிடையே அழைக்காமல் விட்டுவைப்பது, அப்பிள்ளைக்குக் கொடுக்கும் பெருஞ்செல்வமாகும்.

இங்கே ஓர் எச்சரிக்கையும் வேண்டும். இயல்பாக அமைதியாயிருப்பது வேறு. கலகலப்பாக இருந்த பிள்ளை திடீரென ஒடுங்கிப்போவது வேறு. உறக்கம் கெட்டு, உணவு வெறுத்து, விரும்பிச் செய்தவற்றிலும் நாட்டமின்றி ஒருவர் வாரக்கணக்கில் ஒதுங்கியிருப்பாராயின், "அது அவன் சுபாவம்" என்று விட்டுவிடலாகாது. அன்போடு விசாரித்து மருத்துவரிடம் அழைத்துச் செல்லுதல் கடமை. அமைதி மனத்தை நிறைக்கும். துயரத்தின் மௌனமோ மனத்தை வெறுமையாக்கும். இரண்டையும் வேறுபடுத்தி அறிய, வீட்டில் உள்ளோர் நாள்தோறும் அப்பிள்ளையின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

அமைதியான இயல்பினர்க்கும் ஒரு வார்த்தை. வைகறைத் தனிமை உலகத்தை விட்டு ஒளிந்துகொள்வதற்கு ஏற்பட்ட குகையன்று. வெட்டிய பாலை மங்கிலேயே விட்டுவிட்டால் அது உறைந்துவிடும். வாளியில் சேர்த்துக் கொண்டு வந்து கொடுத்தால்தான் பயன்படும். காலையில் சேர்த்த அமைதியைப் பகலில் பிறர்க்குக் கொடுக்க வேண்டும். சினந்து பேசுவோரிடம் நிதானமாகப் பேசுதல், சொல்ல வந்தவரின் துன்பத்தை இடைமறிக்காமல் கேட்டல், எடுத்த பணியைப் பிழையின்றி முடித்தல் ஆகியவை அவர்களால் நன்றாக இயலும். சமுதாயத்துக்குப் பேசுவோர் தேவை. கேட்போரும் அதே அளவு தேவை.

அன்பர்களே, நாளை தேர் புறப்படும். மேளம் முழங்கும், கூட்டம் நிறையும், அனைவரும் மகிழ்வர். அதற்கு முன்பாக, நாளை வைகறையில் ஆலயக் கதவு திறக்கும். அவ்வேளையில் வந்து, முதல் தீபாராதனையைக் கண்டு, சிறிது நேரம் அமைதியாக அமர்ந்து செல்லலாம். வீட்டில் அமைதியான பிள்ளை இருந்தால் உடன் அழைத்து வருக. "பேசு, பேசு" என்று சொல்லாமல் அருகில் அமர்ந்திருந்தால் போதும்.

எல்லாம் வல்ல இறைவன் அனைவர்க்கும் நல்லுறக்கமும் நல்விழிப்பும் நன்மனமும் அருள்வானாக.

திருச்சிற்றம்பலம்.